கையை விடுங்கோ

இருபத்திரண்டு பால்க்கான் ஏறும் என் பிக்கப்புக்கு
ஐப்பசி பிறக்கமுன்னம் பெரிய ரயர் போட்டேன்.
முத்தையன்கட்டுப் பாதையில் மாரிக்கு
அச்சுவரைக்கும் சேறு.
பழைய நாலும் அங்கே நீந்தத்தான் செய்யும்.

மூன்று விரல் உயரம் கூடிற்று.
ஏறிக் குந்தினால் ஒட்டுசுட்டான் வேலிகளுக்கு மேலால்
கிணற்றடி, உடுப்புக்கொடி,
யாரோ தலை துவட்டுவது,
நான் பார்க்கத் தேவையில்லாதவை.

ஆனால் வாகனம் இடப்பக்கம் இழுத்தது.
நேரே போகும் றோட்டில்
ஸ்ரேறிங் நடுவிலிருக்கும் மாட்டுத்தலைச் சின்னம்
ஒருமணிக்குச் சரிந்து
என்னைச் சந்தேகமாய்ப் பார்த்தது.
ரயர் பூட்டியவன் சொன்னான்,
"ஸ்ரேறிங்கைக் கழற்றி நேரே வைச்சுப் பூட்டினாச் சரி. ஐந்நூறு தாங்கோ."

மாங்குளம் கராச்சில் நிலக்சனிடம் அதைச் சொன்னேன்.
"கழுத்துக் கோணினாப்
பொட்டைத் தள்ளி வைக்கிறதோ அக்கா?"
இருபத்துநாலு வயது. காதில் பென்சில்.

முதலில் காற்றைப் பார்த்தான்.
இடம் இருபத்தாறு, வலம் முப்பத்துநாலு.
அதைச் சமன்செய்ய இழுவையில் பாதி போனது.
மீதிப் பாதிக்கு
முன் ரயர் இரண்டையும் பக்கம் மாற்றினான்.
பிழை ரயரில் என்றால் இழுவையும் பக்கம் மாறுமாம்.
மாறவில்லை.
நாலு கிழமையாய் நான் ஏசிய ரயர்
ஒரு சொல்லும் பேசாமல் நின்றது.

பிறகு ஸ்ரேறிங்கை ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்கு.
மூன்றரைச் சுற்று.
சரி பாதியில் நிறுத்தி
பழைய சாரத்துண்டால் சீற்றோடு கட்டினான்.
பின்சில்லிலிருந்து முன்சில்லுக்கு
இரு பக்கமும் தங்கூசி இழுத்து
செங்கல்லில் சுற்றி, குப்புறப் படுத்து அளந்தான்.
வலச்சில்லு நூலோடு ஒட்டி நேர்.
இடச்சில்லு எட்டு மில்லிமீற்றர்
வெளியே பார்த்துக்கொண்டு.

"ரை ரொட் வளைஞ்சிருக்கு.
இது பழைய வளைவு, கறள் பாருங்கோ.
சின்ன ரயர் சொல்லாமல் சமாளிச்சிது.
பெரிசு சொல்லிப்போட்டுது."

எந்தப் பள்ளம்?
நெடுங்கேணி றோட்டா, குளக்கட்டு உடைப்பா,
எனக்கு முன் ஓட்டியவர்களின் காலமா?
வாகனப் புத்தகத்தில் ஐந்து பெயர்,
இரண்டு பேருக்கு விலாசம் இல்லை.
அன்றிரவு போனில் பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தேன்.
மூன்று வருடத்துக்கு முன் மகள் எடுத்த ஒன்றில்
நான் சிரிக்கிறேன்,
பின்னால் மாட்டுத்தலை
அப்பவே கொஞ்சம் சரிந்து.

வவுனியாவிலிருந்து புது ரொட்
பஸ்ஸில் வந்தது, கொண்டக்டரின் காலடியில்
ஒரு வாழைக்குலையோடு.

விடிய ஐந்தரை. கண்டி வீதி வெறுமை.
"கையை விடுங்கோ அக்கா."
"விட்டால் போகும்."
"போகட்டும். எங்க போகுதெண்டு பாப்பம்."
மிக மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது.
வலப்பக்கம் ஏற்றி ஓடச் சொன்னான்,
அங்கே வலப்பக்கம் சாய்ந்தது.
"இது றோட்டின்ர சரிவு, மழைத்தண்ணி இறங்க.
அதைத் திருத்தப் போகாதேங்கோ."
முறிகண்டியில் எல்லாரும் நிப்பாட்டுவார்கள்.
நாங்களும் கையை விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்து.
பிள்ளையாருக்கு நேரே நின்றது.
அவன் கச்சான் வாங்கினான்.

மறுநாள் தனியே, வெறுங் கான்கள் குலுங்க,
ஒலுமடு தாண்டுகையில்
வாகனம் வலப்பக்கம் போய் நடுக்கோட்டை மிதித்தது.
எதிரே வந்த ரக்ரர்க்காரன் தூஷணத்தில் தொடங்கினான்.
ஓரங்கட்டி, நிலக்சனுக்கு ஏசப் போனை எடுத்தேன்.
எடுத்ததை வைத்துவிட்டு
திரும்ப வெளிக்கிட்டு, கையை விட்டேன்.

நேரே போனது.

ஒன்பது வருடம் வலப்பக்கம் பிடித்துப் பழகிய தோளுக்கு
வேலை முடிந்ததை ஒருவரும் சொல்லவில்லை.
பிடித்தேன், போனது. விட்டேன், நேரானது.
கரிப்பட்டமுறிப்பு வரும்வரை
பிடித்தும் விட்டும்.
அங்கே முதல் கானோடு நின்ற பெடியன் கேட்டான்,
"என்ன அன்ரி, நித்திரையோ?"